ஒத்திக்கு வீடு தருகிறார்கள், போகலாமா?

வாடகை வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மதுரையில் வீடு தேடுகிறவர்கள் எழுதியவை. பதில் சொல்லும் நான் இதே ஊரில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் 26 ஆண்டுகள் தட்டச்சு வேலை பார்த்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒன்பது வாடகை வீடுகளில் குடியிருந்திருக்கிறேன். சட்டம் படித்தவள் இல்லை. பத்திரம் அடித்து அடித்துத் தெரிந்துகொண்டதும், சாமான் ஏற்றி இறக்கித் தெரிந்துகொண்டதும்தான் என்னிடம் இருக்கிறது.

எனக்கும் மனைவிக்கும் சேர்த்து மாதம் 34,000 ரூபாய் சம்பளம். நான் அண்ணா நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். அவள் டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள். அம்மாவையும் ஊரிலிருந்து கூட்டிவர வேண்டும். எந்தப் பக்கம் தேடுவது, எவ்வளவு வாடகை எங்களுக்குத் தாங்கும்?
(உசிலம்பட்டி வாசகர்)

தம்பி, வாடகையை மட்டும் தனியாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வாடகை, மெயின்டனன்ஸ், கரண்ட், கேன் தண்ணி, லாரித் தண்ணிக்கு உங்கள் பங்கு, வேலைக்குப் போய்வரும் செலவு, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பாருங்கள். அந்தப் பை உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு அது 11,000 சொச்சம். அப்படியானால் போர்டில் எழுதியிருக்கும் வாடகை எட்டு, எட்டரைக்குள் இருக்க வேண்டும். பத்தாயிரத்துக்கு நல்ல வீடு என்று புரோக்கர் காட்டினால், போய்ப் பார்க்கவே போகாதீர்கள். பார்த்தால் மனசு ஒட்டிக்கொள்ளும்.

முன்பு ஒரு முறை நாங்கள் வாடகை குறைவு என்று ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் போனோம். மாதம் 1,200 ரூபாய் மிச்சம் என்று நோட்டில் எழுதி வைத்தேன். என் கணவருக்கு வண்டிக்குப் பெட்ரோல், எனக்கு இரண்டு பஸ், மகளுக்கு ஆட்டோ. நாலாவது மாதம் அதே நோட்டில் கூட்டிப் பார்த்தால், மிச்சமான 1,200 போக இன்னும் 700 கையை விட்டுப் போயிருந்தது. அதைவிட, இருட்டிய பிறகு ஸ்டாப்பில் இறங்கி முக்கால் கிலோமீட்டர் நடந்த பயத்தை எந்த நோட்டில் எழுதுவது?

உங்கள் மனைவிக்கு ஜவுளிக்கடை வேலை. தீபாவளி, ஆடித் தள்ளுபடி நாட்களில் கடை மூடவே பத்து மணி ஆகும். அதனால் வீட்டை உங்கள் வேலைக்குப் பார்த்துத் தேடாதீர்கள், அவர் ராத்திரி திரும்பி வருவதைப் பார்த்துத் தேடுங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரே பஸ்ஸில் இறங்கி, விளக்கு உள்ள தெருவில் ஐந்து நிமிடம் நடந்தால் வீடு என்று இருக்க வேண்டும். ஆரப்பாளையம், கரிமேடு, செல்லூர், கோ.புதூர் பக்கம் இதற்குத் தோதுப்படும். அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் வாடகை உங்கள் பையைத் தாண்டிவிடும்.

செல்லூர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் மழையில் செல்லூர், பீ.பீ. குளம் பக்கம் பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. கண்மாய் நிரம்பினால் வாய்க்கால் தாங்காது. அதற்காக அந்தப் பகுதியே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தெருவில் இட்லிக்கடை அக்காவிடமோ, இஸ்திரி போடுகிறவரிடமோ "அந்த ஐப்பசி மழையில தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?" என்று கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை அவர்கள் விரல் நீட்டிக் காட்டுவார்கள்.

வீட்டுக்குள் போனதும் எல்லோரும் கிச்சனைப் பார்ப்பார்கள். நான் முதலில் பாத்ரூம் குழாயைப் பார்ப்பேன். குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரிப் படிந்திருந்தால் போர் தண்ணி உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்க மட்டும் இல்லை, சமைக்கவும் கேன் தண்ணி வாங்க வேண்டியிருக்கும். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த நேரம், தொட்டியில் விழுகிறதா, தெருக்குழாயில் பிடிக்க வேண்டுமா என்று கேளுங்கள். விடிகாலை நாலு மணிக்குத் தண்ணி வரும் தெருவில், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், குடம் தூக்கப்போவது உங்கள் அம்மாதான்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடானால், அதைச் சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். சித்திரையில் அது எப்படி இருக்கும் என்று அப்போதே புரியும். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் மாடி வீடு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, காலம் பார்த்துத் தேடுங்கள். மே, ஜூனில் பள்ளிக்கூடத்துக்காக ஊரே வீடு மாறும், அப்போது பேரம் படியாது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள், வீடு பூட்டிக் கிடக்கும். அந்த மாதத்தில் போய்ப் பேசி, வாடகையில் 500 குறைத்து, கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து உறுதி செய்துகொண்டு, ஆவணியோ தையோ பிறந்ததும் குடிபோகலாம். நாங்கள் இரண்டு தடவை அப்படித்தான் செய்தோம்.

வில்லாபுரத்தில் ஒரு வீட்டை மூன்று வருட ஒத்திக்குத் தருகிறேன் என்கிறார்கள். ஆறு லட்சம் கொடுத்தால் வாடகையே இல்லை. மூன்று வருடம் முடிந்ததும் ஆறு லட்சமும் திரும்பக் கிடைக்கும். எங்கள் கையில் நாலு லட்சம் இருக்கிறது. மீதி இரண்டு லட்சத்தை வட்டிக்கு வாங்கலாமா?
(பழங்காநத்தம் வாசகி)

வாங்காதீர்கள் தங்கச்சி. முதலில் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் காரணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் இந்த வாரமே பணம் புரட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

"வாடகையே இல்லை" என்பது நிஜம் இல்லை. நூற்றுக்கு இரண்டு வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு லட்சத்துக்கு மாதம் 4,000 வட்டி கட்டுவீர்கள். உங்களுடைய நாலு லட்சத்தை அஞ்சலகத்தில் மாத வருமானத் திட்டத்தில் போட்டிருந்தால், 7.4 சதவீதத்தில் மாதம் 2,466 ரூபாய் உங்கள் கைக்கு வந்திருக்கும். அது வராது. இரண்டையும் கூட்டினால் 6,466. இதுதான் அந்த வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை. அதே தெருவில் அதே அளவு வீடு 8,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக மாதம் மிச்சம் சுமார் 1,500. மூன்று வருடத்துக்கு 55,000. இந்த 55,000-க்காக ஆறு லட்சத்தை இன்னொருவர் கையில் கொடுக்கிறீர்கள்.

அந்த ஆறு லட்சத்துக்கு உங்கள் கையில் என்ன இருக்கும்? அதைத்தான் கேட்க வேண்டும்.

என் அப்பா மில் தொழிலாளி. வேலையை விட்டு வந்தபோது கிடைத்த பணத்தில் 40,000 ரூபாயைக் கொடுத்து 1994-ல் ஒரு வீட்டை ஒத்திக்குப் பிடித்தார். இரண்டு அறை, ஒரு முருங்கை மரம். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கிக்கொண்டார். பதிவு செய்யவில்லை. "நம்ம ஆளுதானே, எதுக்கு வீண் செலவு" என்று வீட்டுக்காரர் சொன்னார், அப்பாவும் தலையாட்டினார். ஒன்றரை வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கோர்ட் அமீனா வந்து வாசலில் நின்றார். வீட்டுக்காரர் எங்களுக்கு ஒத்திக்குக் கொடுப்பதற்கு முன்னாலேயே அந்த வீட்டை வேறொருவருக்கு அடமானம் எழுதிப் பதிவும் செய்து கொடுத்திருக்கிறார். அந்தக் கடனுக்கு டிக்ரி ஆகி, வீடு ஏலத்துக்கு வந்துவிட்டது. அப்பா தன் முத்திரைத்தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போய்க் காட்டினார். அவருக்கு அதன் பிறகு எட்டு வருடம் ஆயுள் இருந்தது. 40,000-ல் 6,000 வந்தது, மீதி வரவில்லை.

அந்தக் காகிதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் நான் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நாம் ஒத்தி என்றும், வேறு ஊர்களில் போக்கியம் என்றும் சொல்வது வாடகை இல்லை. சட்டத்தில் அது ஒரு வகை அடமானம். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நீங்கள் கடன் கொடுத்தவர், வீட்டுக்காரர் கடன் வாங்கியவர், வட்டிக்குப் பதிலாக நீங்கள் அந்த வீட்டை அனுபவிக்கிறீர்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இப்படியான அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்தால் உங்கள் பெயர் வில்லங்கச் சான்றில், அதாவது அந்தச் சொத்தின் மேல் உள்ள விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் சான்றில், ஏறும். பிறகு அந்த வீட்டை விற்றாலும், வங்கியில் வைத்தாலும், அது உங்கள் ஒத்திக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கும். பதிவு இல்லையென்றால் உங்கள் ஆறு லட்சம் ஒரு கைமாற்று மாதிரிதான், வீட்டின் மேல் உங்களுக்குப் பிடி இல்லை.

பின்னே ஏன் யாரும் பதிவு செய்வதில்லை? செலவு. ஒத்திக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். ஆறு லட்சத்துக்கு 30,000. கட்டுவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலே மிச்சம் என்று சொன்ன 55,000-ல் பாதிக்குமேல் இதற்கே போய்விடும். பதிவு செய்தால் லாபம் இல்லை, செய்யாவிட்டால் பாதுகாப்பு இல்லை. கடன் வாங்கி ஒத்திக்குப் போகக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கடன் இல்லாமல், சொந்தப் பணத்திலேயே போகிறவர்களும் இதைப் படிப்பீர்கள். அவர்களுக்கு: பணம் கொடுப்பதற்கு முன்னால் வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் காசு கட்டாமலே பார்க்கலாம். முப்பது வருடத்துக்குப் பாருங்கள். வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தால், அந்த ஒப்படைப்பு ஆவணம் பதிவாகியிருக்கும் பட்சத்தில் அதில் தெரியும். கூடவே மூலப் பத்திரத்தை, ஜெராக்ஸ் இல்லை, மூலப் பத்திரத்தையே காட்டச் சொல்லுங்கள். "பத்திரம் ஊர்ல இருக்கு", "அண்ணன்கிட்ட இருக்கு" என்றால் அது வங்கியில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், பிள்ளைகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், கல்யாணமாகிப் போன மகள்களும் சேர்த்து. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள்.

உங்களுடைய நாலு லட்சம் நகையை விற்று வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை அஞ்சலகத்தில் போடுங்கள். மாதம் வரும் 2,466-ஐயும், வட்டிக்குக் கட்டத் தயாராக இருந்த 4,000-ஐயும் சேர்த்து, கூட 1,500 போட்டால் அதே தெருவில் வாடகைக்கு இருக்கலாம். நாலு லட்சம் நாலு லட்சமாகவே உங்கள் பெயரில் இருக்கும்.

வீட்டைக் காலி செய்து ஐந்து மாதம் ஆகிறது. 80,000 அட்வான்ஸில் பாதிதான் தந்தார்கள். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, குழாய் மாற்ற, ஒயரிங் பார்க்க என்று கழித்துக்கொண்டார்கள். கேட்டால் "அடுத்த ஆள் வரட்டும்" என்கிறார்கள்.
(திருநகர் வாசகர்)

அடுத்த ஆள் வருவதற்கும் உங்கள் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை ஐயா. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அட்வான்ஸே மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் இருக்கிறது, இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் தவிர. அந்தத் "தவிர" வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் நடக்கிறது.

எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்பதற்கும் அதில் ஒரு பட்டியல் உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் லைன் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி மாதிரியானவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை மாறும். எனவே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, "வெள்ளை" என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். இல்லையென்றால், கழித்ததற்கு ரசீது கேட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். சண்டை போடும் தொனி வேண்டாம். தேதி, தொகை, காலி செய்த நாள், சாவி கொடுத்த நாள் இருந்தால் போதும். பாதிப் பேருக்கு அந்தத் தபாலிலேயே பணம் வந்துவிடும், நான் அடித்துக் கொடுத்த தபால்களிலேயே பார்த்திருக்கிறேன். வராவிட்டால் இந்தச் சட்டப்படி உள்ள வாடகை நீதிமன்றத்தில் மனு.

அங்கே போகும்போது ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் உங்கள் கை ஓங்கும். பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம் என்பது பழைய பழக்கம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எல்லோரும் பதினொன்றில் நிறுத்தினார்கள். புதிய சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி அரசு நியமித்தவர்) தெரிவித்து எண் வாங்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். வீட்டுக்காரர் வராவிட்டால் நீங்கள் தனியாகவே விவரம் கொடுக்கலாம்.

எங்கள் காம்பவுண்டில் மூன்று குடும்பம், ஒரே மீட்டர். வீட்டுக்கார அம்மா சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். நூறு யூனிட் இலவசம் எங்களுக்குக் கிடையாதா?
(ஜெய்ஹிந்துபுரம் வாசகி)

இலவச நூறு யூனிட் ஒரு இணைப்புக்கு, இரண்டு மாதத்துக்கு. ஆளுக்கு 150 யூனிட் ஓடினால், தனித்தனி மீட்டரில் ஆளுக்கு 50 யூனிட்டுக்குத்தான் காசு. ஒரே மீட்டரில் 450 ஆகி, 350-க்குக் காசு, அதில் பெரும்பகுதி மேல் அடுக்கு விலையில். இதில் அந்த அம்மாவுக்கும் நஷ்டம்தான். மூன்று பேரும் சேர்ந்து போய், தனி இணைப்பு வாங்கும் செலவில் பங்கு தருகிறோம் என்று கேளுங்கள். அதுவரை மின்வாரிய பில்லைக் காட்டி, மொத்தத் தொகையை யூனிட் கணக்கில் பிரிக்கச் சொல்லுங்கள்.

கணவரைப் பிரிந்து வந்து இரண்டு வருடம். பத்து வயது மகள். தனியார் பள்ளியில் ஆசிரியை. ஏழு வீடு பார்த்தேன். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்கிறார்கள். அதோடு முடிந்துவிடுகிறது. பொய் சொல்லிவிடலாமா?
(பெயர் வேண்டாம், ஆனையூர்)

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் கணவர் இறந்தபோது எனக்கு 38 வயது. வருடம் முடிந்ததும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். "ஆம்பள இல்லாத வீடு, நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். ஒன்பது வருடம் ஒரு நாள்கூடத் தவறாமல் வாடகை கொடுத்த வீடு அது. ஒவ்வொரு மாதமும் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்தது நான்தான். உங்களைக் கேட்கும் அந்தக் கேள்வி தவறு. சாதி என்ன, கறி சமைப்பீர்களா என்று கேட்டு அனுப்பிவிடுவதும் தவறு.

பொய் வேண்டாம். தர்மத்துக்காகச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டால், தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். மகளையும் அந்தப் பொய்யைச் சுமக்க வைக்க வேண்டியிருக்கும். எனக்குப் பலித்த வழியைச் சொல்கிறேன். கடைசியில் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வாசலிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள்: "நானும் மகளும் மட்டும்தான். நான் டீச்சர். சம்பளச் சீட்டு இது. போன வீட்டுக்கார அம்மாவின் நம்பர் இது, வேண்டுமானால் பேசிப் பாருங்கள்." மறுப்பவர் அங்கேயே மறுத்துவிடுவார், உங்களுக்கு ஒரு சாயங்காலம் மிச்சம்.

புரோக்கரை விடுங்கள், அவருக்கு உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்லத் தெரியாது. உங்கள் பள்ளி ஆயா, வேன் டிரைவர், பூக்கார அம்மா, மாவுக்கடை, இவர்களிடம் சொல்லிவையுங்கள். எனக்கு நாராயணபுரத்தில் வீடு கிடைத்தது ஒரு பூக்கார அம்மா சொல்லித்தான். வீட்டுக்காரரும் தனியாக இருந்த ஒரு மூத்த அம்மா, ஓய்வு பெற்ற நர்ஸ். அவர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி: மகளுக்குக் காலையில் எத்தனை மணிக்கு ஸ்கூல், மோட்டார் போடத் தெரியுமா.

பதினாறு வருடம் ஆகிறது. இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தை நானே அடித்து எடுத்துப் போகிறேன், அந்த அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.